கீமோவோடு மூலிகை சேருமா? படிப்படியாகச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கீமோ தொடங்கப்போகிறது என்ற செய்தி வெளியே தெரிந்த ஒரு வாரத்துக்குள் மேசையில் பாட்டில்கள் சேர்ந்துவிடும். அண்ணன் மஞ்சள் காப்ஸ்யூல் வாங்கி வருவார், சித்தி ஏதோ ஒரு சூரணம் கொடுத்தனுப்புவார், கூட வேலை பார்த்தவர் கிரீன் டீ மாத்திரையைப் பற்றி வீடியோ அனுப்புவார். எல்லாமே அன்பில் வருவதால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. மருத்துவரிடம் கேட்கலாம் என்றால், திட்டுவாரோ என்ற தயக்கம். கடைசியில் யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் நடக்கிறது.

இந்த வழிகாட்டி மூலிகைக்கு ஆதரவாகவும் எழுதப்படவில்லை, எதிராகவும் எழுதப்படவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் இதில் இருக்கிறது. முடிவை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவர் சரியாக முடிவெடுக்கத் தேவையான தகவலைத் திரட்டிக் கொடுப்பது உங்கள் வேலை.

செடியில் இருந்து வந்தது, அதனால் கெடுதல் செய்யாது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. உங்களுக்கு ஏற்றப்படும் கீமோ மருந்தே செடியில் இருந்து வந்ததாக இருக்கலாம். வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் நித்தியகல்யாணியில் கிடைத்தவை. பாக்லிடாக்சல் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது. இரினோடிகானுக்கு மூலம் சீனாவில் வளரும் ஒரு மரம். பாக்லிடாக்சலின் மூலக்கூறு அமைப்பை மன்றோ வால், மன்சுக் வானி குழுவினர் 1971-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சூலகப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்க அனுமதி கிடைத்தது 1992-ல். பட்டையில் இருந்து போதிய அளவு எடுப்பது, அதை ரத்தத்தில் ஏற்றும்படி கரைப்பது, எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவைத் தாண்டினால் உடம்பு தாங்காது என்று கண்டுபிடிப்பது என 21 வருடம் போனது. தாவரச் சத்துக்கு வலிமை உண்டு. உங்களுக்கு உதவும் அளவுக்கு வலிமை உள்ள ஒன்று, மருந்தோடு மோதும் அளவுக்கும் வலிமை உள்ளதாகத்தான் இருக்கும்.

மோதல் எங்கே நடக்கிறது

இந்தப் பகுதி கொஞ்சம் நீளம். ஆனால் இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

நாம் விழுங்கும் மருந்துகளை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பெரும்பாலும் கல்லீரலிலும் குடல் சுவரிலும் இருக்கும் நொதிகள் (என்சைம்கள்) செய்கின்றன. அவற்றில் முக்கியமானது சிஒய்பி 3ஏ4. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய பாதியைக் கையாள்வதில் இதற்குப் பங்கு உண்டு. டோசிடாக்சல், வின்கிரிஸ்டின், எட்டோபோசைட், இமாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் எல்லாம் இதன் வழியாகப் போகிறவை. சில தாவரச் சத்துகள் இந்த நொதியை அடக்கிவிடும். அப்போது மருந்து உடைபடாமல் ரத்தத்தில் தேங்கி, பக்கவிளைவு கூடும். வேறு சில, நொதியை அதிகமாக உற்பத்தி செய்யவைக்கும். அப்போது மருந்து வேலை செய்யும் முன்னரே வெளியேறிவிடும்.

இரண்டில் எது ஆபத்து என்று கேட்டால், இரண்டாவதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. மருந்து தேங்கினால் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, கை கால் மரத்துப்போவது என்று உடம்பு சத்தம் போடும். மருந்து குறைந்தால் உடம்பு எதுவும் சொல்லாது. சொல்லப்போனால் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

இதற்குச் சரியான உதாரணம் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்காகப் பல நாடுகளில் மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மூலிகை இது. இதில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற சத்து சிஒய்பி 3ஏ4 நொதியைப் பெருக்கிவிடும். 2002-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரினோடிகான் எடுத்த 5 நோயாளிகளுக்கு இந்த மூலிகையை 18 நாள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரினோடிகான் உடம்புக்குள் போய் எஸ்என்-38 ஆக மாறித்தான் புற்றுநோய் செல்லைத் தாக்கும். அந்த எஸ்என்-38-ன் அளவு 42 சதவீதம் குறைந்துவிட்டது. கூடவே, ரத்த அணுக்கள் குறைவதும் லேசாக இருந்தது.

அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். இப்படி ஒருவர் தெரியாமல் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "இந்த மூலிகை எடுத்ததில் இருந்து கீமோ ரொம்ப லேசாப் போகுது" என்று சந்தோஷமாகச் சொல்லி, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் சிபாரிசு செய்திருப்பார். லேசாகப் போனதற்குக் காரணம், மருந்தில் கணிசமான பங்கு வேலைக்கே போகவில்லை என்பது. மூலிகை எடுத்ததும் பக்கவிளைவு குறைந்தால் அதை உடனே நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

நொதியைத் தவிர வேறு வழிகளிலும் மோதல் வரும். செல்லுக்குள் வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் உண்டு. அவற்றின் வேகத்தைச் சில தாவரச் சத்துகள் மாற்றும். சில சத்துகள் மருந்தையே நேராகப் பிடித்துக் கட்டிவிடும். சில, மருந்து செய்யும் அதே பக்கவிளைவைத் தாமும் செய்து இரட்டிப்பாக்கும்: ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஜிங்கோ என்ற மூலிகை, ஏற்கெனவே களைத்திருக்கும் கல்லீரலுக்கு மேலும் சுமை தரும் சாறுகள், இப்படி.

படி 1: எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள்

மருந்து, மாத்திரை, பொடி, எண்ணெய், டீ, ஜூஸ், வைட்டமின் எல்லாவற்றையும் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். எப்போதாவது எடுப்பதையும் விடாதீர்கள். தூக்கம் வர ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று என்று இருப்பதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவற்றில்தான் பிரச்சினை ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்கத்தில் மூன்று விஷயம் தேடுங்கள்: செடியின் பெயரும் எந்தப் பாகம் என்பதும், சாறா (சத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செறிவாக்கியது) பொடியா என்பது, ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பது. மஞ்சள் காப்ஸ்யூலாக இருந்தால் பட்டியலின் கடைசி வரி வரை போங்கள். அங்கே பெரும்பாலும் 5 மில்லிகிராம் மிளகுச் சாறு அல்லது (மிளகில் உள்ள சத்தான) பைப்பரின் என்று இருக்கும். அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத பொடி, பெயர் இல்லாத பொட்டலம் எதுவானாலும் சிகிச்சை முடியும் வரை தொடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எழுதியிருந்தாலும் சில நேரம் நம்ப முடியாது. பிசி-ஸ்பெஸ் என்று எட்டு மூலிகைகள் கலந்த ஒரு தயாரிப்பு இருந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக நிறையப் பேர் எடுத்தார்கள். சோதித்துப் பார்த்தபோது அதில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும், டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனும் கலந்திருந்தது தெரிந்தது. 2002-ல் அதைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றார்கள். மூலிகை என்று நம்பி எடுத்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் இரண்டு அலோபதி மருந்துகளை விழுங்கியிருக்கிறார்கள்.

படி 2: உங்கள் கீமோவின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் சிவப்பு மருந்து" என்று சொன்னால் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியிலோ சிகிச்சைத் திட்டத்திலோ பெயர் இருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்தத் தேதியில், ஊசியா மாத்திரையா என்பதையும் சேருங்கள். கூடவே கொடுக்கும் வாந்தி மாத்திரை, ஸ்டீராய்டு, ரத்த அழுத்த மருந்து எல்லாமே பட்டியலில் வர வேண்டும். அவற்றோடும் மூலிகை மோதலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். சில மருந்துகள் உடம்புக்குள் போய் மாறிய பிறகுதான் வேலை செய்யும். சைக்ளோபாஸ்பமைட், மேலே சொன்ன இரினோடிகான், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் எல்லாம் இந்த வகை. நொதியை அடக்கினால் மருந்து கூடும் என்ற கணக்கு இவற்றுக்கு அப்படியே பொருந்தாது. சைக்ளோபாஸ்பமைடையும் டமாக்சிஃபெனையும் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதே நொதிகள்தான். அவற்றை அடக்கினால் பலன் குறையக்கூடும். அதனால்தான் இணையத்தில் ஒரு மூலிகையின் பெயரை மட்டும் தேடி முடிவுக்கு வரக்கூடாது. எந்த மூலிகை என்ற கேள்வியோடு எந்த மருந்து என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

படி 3: உணவு அளவா, மருந்து அளவா என்று பிரியுங்கள்

என் பார்வையில் இந்த வழிகாட்டியிலேயே மிகவும் பயனுள்ள படி இதுதான். மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சளின் முக்கியச் சத்து குர்குமின். மஞ்சள் தூளின் எடையில் அது சுமார் 3 சதவீதம்தான். கடையில் விற்கும் 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஒன்றில் 95 சதவீதம் குர்குமின் என்று போட்டிருந்தால், அதில் இருப்பது 475 மில்லிகிராம். அவ்வளவு குர்குமின் கிடைக்க வேண்டுமானால் நீங்கள் சுமார் 16 கிராம் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். அதாவது ஏறக்குறைய ஐந்து தேக்கரண்டி. ஒரு நாளைக்கு மூன்று காப்ஸ்யூல் என்றால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

இப்போது அந்த மிளகுச் சாறு விஷயத்துக்கு வருகிறேன். குர்குமின் தனியாகப் போனால் குடல் அதை ரத்தத்துக்குள் அவ்வளவாக விடாது. 1998-ல் வெளியான ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. காப்ஸ்யூல் தயாரிப்பவர்கள் இதைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் காவலைத் தளர்த்தித்தான் பைப்பரின் இதைச் செய்கிறது. காவல் தளர்ந்தால் குர்குமின் மட்டும் உள்ளே வராது. உங்கள் மற்ற மருந்துகளின் கணக்கும் மாறலாம். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், டமாக்சிஃபென் எடுத்தவர்களுக்குக் குர்குமின் சேர்த்தபோது எண்டாக்சிஃபென் என்ற செயல்படும் வடிவம் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பைப்பரினும் சேர்ந்தபோது சுமார் 12 சதவீதம். பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே விளிம்பில் இருப்பவருக்கு அது போதும்.

சமையலில் போடும் மஞ்சளையும் மிளகையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். பூண்டு, இஞ்சி, சோயா எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்: தட்டில் வருவது பெரும்பாலும் பரவாயில்லை, காப்ஸ்யூலில் வருவதைக் கேட்டுவிட்டு எடுங்கள். இந்த விதிக்கு முக்கியமான விலக்கு அடுத்த படியில் இருக்கிறது.

படி 4: நேராக நிறுத்த வேண்டியவை

கிரேப்ஃப்ரூட் ஜூஸ். ஒரே ஒரு டம்ளர் போதும், மோதல் நடக்கும். இதைக் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் 1989-ல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, மதுவின் சுவையை மறைக்க இந்த ஜூஸைக் கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது. தேடிப் பார்த்ததில் ஜூஸ்தான் காரணம். இதில் உள்ள ஃபுரானோகூமரின்கள் குடல் சுவரில் உள்ள சிஒய்பி 3ஏ4 நொதியை நிரந்தரமாகச் செயலிழக்க வைக்கின்றன. உடம்பு புது நொதி செய்யும் வரை, அதாவது ஒன்றில் இருந்து மூன்று நாள் வரை, அந்த விளைவு நீடிக்கும். பம்ப்ளிமாஸ், செவில் ஆரஞ்சு இரண்டிலும் இதே வகைச் சத்துகள் உண்டு. குறிப்பாக நிலோடினிப் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மேலே சொல்லிவிட்டேன். இமாடினிபின் அளவையும் இது சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. மனச்சோர்வு இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோவோடு சேரக்கூடிய வேறு மருந்து இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை.

போர்டிசோமிப் எடுப்பவர்களுக்குக் கிரீன் டீ. போர்டிசோமிப், மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. இதன் மூலக்கூறில் போரான் உள்ள ஒரு பகுதிதான் வேலையைச் செய்கிறது. கிரீன் டீயில் உள்ள இஜிசிஜி என்ற சத்து அந்தப் பகுதியையே போய்ப் பிடித்துக்கொள்கிறது. 2009-ல் வெளியான ஆய்வில் செல்களிலும் எலிகளிலும் இதைக் காட்டினார்கள். மனிதர்களிடம் சோதிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. டீயை விடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. மற்ற கீமோ எடுப்பவர்களும் கிரீன் டீ சாறு மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இஜிசிஜி போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது.

அதிமதுரம் அதிக அளவில் போனால் உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து எடுப்பவருக்கு ஏற்கெனவே சிறுநீரகம் வழியாக உப்புகள் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சேர வேண்டாம்.

அதிக அளவு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் வரும். சில கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் புற்றுநோய் செல்லைத் தாக்குவதில் ஒரு பங்கு, செல்லைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகள் வழியாகத்தான். அவற்றை அணைக்கும் மாத்திரையை அதே நேரத்தில் விழுங்குவது அர்த்தமில்லாத வேலை. பழமும் காயும் சாப்பிடுவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 5: "ஆய்வில் நிரூபணம்" என்று சொன்னால் எந்த ஆய்வு என்று கேளுங்கள்

கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லில் செய்ததா, எலியில் செய்ததா, மனிதரில் செய்ததா? தட்டில் ஊற்றும் அளவு பல நேரம் மனித ரத்தத்தில் எட்டவே முடியாத அளவாக இருக்கும்.

இந்தக் கேள்வி இரண்டு பக்கமும் வெட்டும். மில்க் திசில் என்ற மூலிகையின் சத்தான சிலிமாரின், கண்ணாடித் தட்டில் பல நொதிகளை அடக்கியது. ஆனால் இரினோடிகான் எடுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மருந்தின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன், எலியில் டமாக்சிஃபெனின் பலனைக் குறைத்தது. ஆனால் மார்பகப் புற்றுநோயில் இருந்து மீண்ட பெண்களை ஷாங்காயில் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான பெரிய ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. குர்குமினுக்கோ தலைகீழ்க் கதை. புற்றுநோயை எதிர்க்கும் என்று பெயர் வாங்கியதுதான், ஆனால் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் உள்ள எலிகளில் சைக்ளோபாஸ்பமைடின் வேலையை அது தடுத்தது.

நல்லது செய்ததற்கும் சான்று உண்டு, அதையும் சொல்லவேண்டும். கீமோ குமட்டலுக்கு இஞ்சி கொடுத்துப் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில் 576 பேரின் முடிவுகளைக் கணக்கிட்டார்கள். வழக்கமான வாந்தி மருந்தோடு நாளுக்கு அரை கிராமில் இருந்து ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் நன்றாகக் குறைந்தது. ஒன்றரை கிராம் எடுத்தவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. பிளேட்லெட் குறைந்திருந்தால் மட்டும் இதையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால், நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் "அபௌட் ஹெர்ப்ஸ்" என்ற தகவல் தளத்தை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. செடியின் பெயரைப் போட்டால் எந்த மருந்தோடு மோதும் என்று தனிப் பகுதியே இருக்கும்.

படி 6: மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

"மூலிகை எடுக்கலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். பிறகு வீட்டுக்கு வந்து ஒளித்து எடுக்கத் தோன்றும். அதற்குப் பதில் படி 1, 2-ல் எழுதிய தாளை நீட்டுங்கள். பாட்டில்களை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. இப்படிக் கேளுங்கள்: "இந்தப் பட்டியலில் என் மருந்தோடு மோதுவது எது? இன்றே நிறுத்த வேண்டியது எது? சிகிச்சை முடிந்ததும் திரும்ப எடுக்கலாமா?" மருத்துவருக்கு நேரம் இல்லை என்றால் மருத்துவமனை மருந்தாளுநரைக் கேளுங்கள். மருந்துகளின் மோதலைக் கவனிப்பது அவர் படித்த படிப்பு.

சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமும் போகிறீர்களா? அவருக்கும் கீமோ மருந்தின் பெயரைக் கொடுங்கள். இரண்டு பேருக்கும் ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியட்டும்.

படி 7: இடைவெளி விட்டால் போதுமா?

"காலையில் கீமோ மாத்திரை, ராத்திரி மூலிகை, நடுவே பன்னிரண்டு மணி நேரம் இருக்கே" என்று பலர் நினைக்கிறார்கள். மருந்தும் மூலிகையும் வயிற்றில் சந்தித்து ஒட்டிக்கொள்ளும் வகையென்றால் இடைவெளி உதவும். நொதி வழியாக நடக்கும் மோதலுக்கு உதவாது. பெருகிய நொதி பழைய அளவுக்கு இறங்கவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டைக் கீமோவுக்கு முந்தின நாள் நிறுத்தினாலும் பயன் இல்லை. இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அறுவை சிகிச்சை, பயாப்ஸி, போர்ட் (கீமோ ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைப்பது ஏதாவது வருகிறதென்றால் ஜிங்கோவையும் பூண்டுக் காப்ஸ்யூலையும் எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா?

பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எதை, எவ்வளவு, எந்தத் தேதியில் இருந்து எடுத்தீர்கள் என்று எழுதி, அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் போன் செய்து சொல்லுங்கள். மருத்துவர் கல்லீரல் சோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பார்ப்பார், தேவைப்பட்டால் அடுத்த சுற்றைத் தள்ளிவைப்பார். கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், காரணமில்லாமல் ரத்தம் கசிந்தால், கை கால் மரத்துப்போவது திடீரென்று கூடினால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், போனோடு நிறுத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீமோ முடிந்துவிட்டது, இனி எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். டமாக்சிஃபென் ஐந்து வருடம், பத்து வருடம் என்று தொடரும். இமாடினிப் பலருக்கு ஆண்டுக்கணக்கில் போகும். அந்த மாத்திரை இருக்கும் வரை, புதிதாக ஒரு பாட்டில் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் படி 1-ல் எழுதிய தாளை எடுத்து அதில் ஒரு வரி சேருங்கள்.